முழுங்கிய பிறகு சிரிக்கலாம்

எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு மத்தியானம் மூன்றரை மணிக்கு ஆரம்பிக்கிறது. புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன், பையன் வாயில் சோறு இல்லாத நேரமாக இருந்தால்.

நாங்கள் ஜைனர்கள். பொழுதோடு சாப்பிட்டு முடித்துவிடுவோம். விளக்கு வைத்த பிறகு வாயில் எதுவும் போடுவதில்லை. என் பிறந்த வீடு அவலூர்பேட்டைப் பக்கம். அங்கே சூரியன் வயலில் இறங்கும், கடைசி நிமிடம் வரை கண்ணுக்குத் தெரியும். கல்யாணமாகிச் செஞ்சிக்கு வந்த பிறகுதான் மலை குறுக்கே வந்தது. இங்கே சூரியன் கோட்டை மலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும், ஆனால் அஸ்தமனம் ஆகியிருக்காது. அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று கல்யாணமான புதிதில் எனக்கும் வீட்டுக்காரருக்கும் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. மலை மறைத்தால் முடிந்தது என்பது என் கட்சி. போனில் போட்டிருக்கும் நேரம்தான் கணக்கு என்பது அவர் கட்சி. அவர் எனக்கு அத்தை மகன், பாவாடை கட்டிய நாளிலிருந்து சண்டை போட்டுப் பழக்கம். பஜாரில் உரக்கடை வைத்திருக்கிறார். எந்தச் சண்டையிலும் பாதியில் கடைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுவார். அதனால் நான்தான் ஜெயிப்பேன்.

பையனுக்கு இப்போது ஒன்பது வயது. பருப்பும் சுரைக்காயும் போட்டுக் குழைய வேகவைத்த சோறு ஒரு கிண்ணம். அதை அவன் முழுங்கி முடிக்க இரண்டு மணி நேரம் ஆகிறது. அவனுடைய ஆறு வயதில் ஐந்தரைக்கு உட்கார்ந்தோம். அப்புறம் ஐந்து, நாலரை, நாலு. இப்போது மூன்றரை. நோய் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை டாக்டர் ஸ்கேனில் பார்க்கிறார். நான் அடுக்களைக் கடிகாரத்தில் பார்க்கிறேன். இன்னும் பின்னால் போனால் மத்தியானச் சாப்பாட்டில் போய் முட்டும்.

நோயின் பெயர் இரண்டு வெளிநாட்டு டாக்டர்களின் பெயர், அதன் பின்னால் ஓர் ஆங்கில எழுத்து, பள்ளிக்கூடத்தில் செக்‌ஷன் போடுகிற மாதிரி. உடம்புக்குள் ஒவ்வோர் உயிரணுவிலும் சேருகிற கொழுப்பை வெளியேற்ற ஒரு வழி இருக்க வேண்டுமாம். இவனுக்குப் பிறக்கும்போதே அந்த வழி அடைத்திருக்கிறது. தேங்கித் தேங்கி மூளையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கிறது. முதலில் கண்ணை மேலும் கீழும் அசைக்க முடியாமல் போகும், அப்புறம் நடை, பேச்சு, முழுங்குவது. மருந்தால் வேகத்தைக் குறைக்கலாம், நிறுத்த முடியாது. இவ்வளவும் தெரிந்தது அவனுக்கு ஆறரை வயதாகும்போது. அதற்கு முன்னால் ஒரு வருஷம் எனக்குத் தெரிந்ததெல்லாம், என் பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறான் என்பது மட்டும்தான்.

கோட்டைக்குப் போனால், "மேல பாருடா, உச்சியில மண்டபம் தெரியுது பாரு" என்று காட்டுவேன். கண்ணைத் தூக்கிப் பார்க்காமல் தலையை முழுசாகப் பின்னால் சாய்த்து வானத்தைப் பார்ப்பான். கோணங்கித்தனம் என்று ஒரு தட்டுத் தட்டியிருக்கிறேன். படி இறங்கும்போது விழுவான். கீழே பார்த்து நட என்று கத்துவேன். அவனால் கீழே பார்க்க முடியவில்லை என்று யாருக்குத் தெரியும்.

அப்புறம் அந்தச் சிரிப்பு. ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தோம். கண்டக்டர் ஒருவர், "மேல்மலையனூர், மேல்மலையனூர், ஏறு ஏறு ஏறு" என்று ராகம் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அங்கே அம்மன் கோயிலுக்குப் போகிற அமாவாசைக் கூட்டம். கூப்பிடாமலே பஸ் பிதுங்கிக்கொண்டிருந்தது, ஆனாலும் அவர் விடவில்லை. பையனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்தவன் அப்படியே முழங்கால் மடங்கி, நனைந்த துணி மாதிரி தரையில் சரிந்தான். வலிப்பு என்று யாரோ ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். அவன் கண்ணைத் திறந்தபடியே கிடந்தான். அரை நிமிடத்தில் எழுந்து, சாவிக்கொத்தைப் பார்த்து மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தான், மறுபடியும் விழுந்தான். இந்த நோயில் அப்படித்தான், வாய்விட்டுச் சிரித்தால் உடம்பு மொத்தமும் ஒரு நிமிடம் தளர்ந்துபோகும் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். வாயில் சோறு இருக்கும்போது தளர்ந்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அதனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வந்தது: அவன் வாயில் சோறு இருக்கும்போது யாரும் சிரிக்கக் கூடாது, சிரிக்க வைக்கவும் கூடாது. முழுங்கிய பிறகு சிரிக்கலாம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அந்த ஒரு சாயங்காலத்தைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொல்கிறவள்.

அவனுக்கு ஐந்தரை வயது. சாப்பிட நேரமாக்க ஆரம்பித்திருந்தான். சோற்றைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அன்றைக்கு மலை சூரியனை மறைத்துவிட்டது. தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. சின்னக் குழந்தைகளுக்கு இந்த நியமம் கட்டாயமில்லை என்று எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் எனக்குக் கோபம் வந்தால் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும். "பொழுது போயிடுச்சு, போதும்" என்று தட்டைப் பிடுங்கினேன். அவன் கன்னம் உப்பியபடியே என்னைப் பார்த்தான். அதையும் விடவில்லை நான். குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய், "துப்பு" என்றேன். துப்பினான். பசியோடு படுத்தான். பிள்ளை ஏன் சாப்பிடாமல் படுத்துவிட்டான் என்று அவர் கேட்டபோது, நாலு நாள் பட்டினி போட்டால் தானாகச் சாப்பிடுவான் என்றேன்.

ஒரு வருஷம் கழித்து, பெரிய ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா கேட்டார்: "முழுங்கக் கஷ்டப்படுறது எப்பத்துலேருந்தும்மா?" எனக்கு அந்தச் சாயங்காலம் குழாயடி ஈரத்தோடு கண்முன் நின்றது. "இப்பதான் மேடம், ஒரு மாசமா" என்றேன். அவர் ஒரு மாதம் என்றே எழுதிக்கொண்டார். இன்றைக்கும் அந்த ஃபைலில் அப்படித்தான் இருக்கிறது.

அதே அறையில்தான், "நீங்க ரெண்டு பேரும் கேரியர்" என்றார். வீட்டுக்காரருக்கு சைக்கிள் கேரியர் ஞாபகம் வந்திருக்கிறது. எனக்கு டிபன் கேரியர். இரண்டு பேரும் மரம் மாதிரி விழித்தோம். நோயை உண்டாக்கும் பழுது எங்கள் இருவர் உடம்பிலும் ஒற்றையாக இருக்கிறது, ஒற்றையாக இருக்கும்வரை எங்களை ஒன்றும் செய்யாது, சுமக்கிறோம் அவ்வளவுதான், இரண்டும் ஒரு குழந்தையிடம் போய்ச் சேர்ந்தால்தான் நோய் என்று பொறுமையாக விளக்கினார். சொந்தத்துக்குள் கல்யாணமானால் இரண்டு பக்கமும் ஒரே பழுது இருக்க வாய்ப்பு அதிகமாம். அத்தை மகனும் மாமன் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. டாக்டர் கடைசியாக, ஒவ்வொரு பிரசவத்துக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு என்றார். "வேற குழந்தை இருக்குதாம்மா?"

இருந்தாள். அப்போது அவளுக்கு மூன்று வயது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் நைனாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு டக் டக் என்று நடந்துகொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து என் பயமெல்லாம் அவள்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. பையனைப் பற்றிய பயத்துக்கு ஒரு வேலையாவது இருந்தது. சோறு குழைக்க வேண்டும், மருந்து கரைக்க வேண்டும், தண்ணீர் நீர்த்தால் புரையேறும் என்பதால் கஞ்சி மாதிரிக் கெட்டியாக்கிக் கொடுக்க வேண்டும். இவளைப் பற்றிய பயத்துக்கு வேலையே கிடையாது, பார்த்துக்கொண்டே இருப்பதைத் தவிர. ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை.

"தெரிஞ்சு இன்னா பண்ணப் போறோம்? அவ ஓடி ஆடிகிட்டு இருக்குறா. அது வரைக்கும் இருக்கட்டுமே."

"முன்னாடியே மருந்து ஆரம்பிக்கலாம்னு சொன்னாங்க இல்ல மாமா?"

"இருந்தாத்தான மருந்து?"

இப்படியே இரண்டரை வருஷம். இந்த ஒரு சண்டையில் மட்டும் நான் ஜெயிக்கவில்லை. ஜெயிக்க நானும் முழுசாக ஆசைப்படவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

அதற்குப் பதிலாக நானே டாக்டரானேன். அடுக்களையில் பேனாவை மேலும் கீழும் அசைத்து, "தலையை ஆட்டாத, கண்ணால மட்டும் பாரு" என்பேன். அவள் கண் பேனாவோடு ஏறி இறங்கும். எனக்கு மூச்சு வரும். தரை டைல்ஸ் கோட்டின்மேல் கால் பிசகாமல் நடக்கச் சொல்வேன். கடைசியில் கிச்சுகிச்சு மூட்டுவேன். வேறு எந்தத் தாயும் இப்படிச் செய்திருக்கமாட்டாள். பெண்ணைச் சிரிக்க வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்கமாட்டேன், முழங்காலைப் பார்ப்பேன், மடங்குகிறதா என்று. அவள் நெளிந்து நெளிந்து சிரித்து, மூச்சு வாங்க நின்று கேட்பாள், "நான் பாஸாம்மா?"

"பாஸ்."

"அப்ப நாளைக்கி?"

நாளைக்கும் வைப்பேன். ஒருநாள் காலை, மாலை இரண்டு வேளையும் வைத்தேன். மூன்றாவது தடவை பேனாவை எடுத்தபோது, "இன்னைக்கி லீவு வுடும்மா" என்றாள்.

இந்த ஐப்பசியில் அவளுக்கு ஐந்தரை வயதானது. அதே மாதம் அவள் சோற்றைக் கன்னத்தில் ஒதுக்க ஆரம்பித்தாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து, நாலரைக்கு அண்ணன் பக்கத்தில் தட்டோடு உட்காருவாள். கால் மணியில் முடித்துவிட்டு ஓடுகிறவள் அரை மணி எடுத்தாள். அப்புறம் முக்கால் மணி. திரும்பிப் பார்த்தால் வலது கன்னம் உப்பியிருக்கும். சோறு சூடா, காரமா, பல் விழுகிறதா என்று வாயைத் திறந்து பார்த்தேன். பல்லெல்லாம் பனங்கிழங்கு நட்ட மாதிரி உறுதியாக இருந்தது. நாலாம் நாள் கடைக்கே போய், உர மூட்டைகளுக்கு நடுவில் நின்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கல்லாவை விட்டு எழுந்து வெளியே போய் ஷட்டரைப் பாதி இறக்கினார். திரும்பி வந்து, "நாளைக்கே போலாம்" என்றார்.

ரத்தம் எடுத்தார்கள். அவள் அழவில்லை. ரிசல்ட் வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். அந்த ஆறு வாரத்தில் நான் செய்யாத கூத்தில்லை. பக்கத்து வீட்டு அக்கா, "ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வா, உனுக்கு இன்னா போச்சு" என்று சொல்ல, வீட்டில் சொல்லாமல் மேல்மலையனூருக்குப் போய்க் கூட்டத்தில் நசுங்கிவிட்டு வந்தேன். எங்கள் கோயிலுக்கும் போனேன். எந்த வாசலிலும் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நியமம் தவறினால் சின்னவளுக்கும் வந்துவிடும் என்று எனக்கு நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு, மலை மறைப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே எல்லாத் தட்டையும் கழுவிக் கவிழ்த்தேன். இது முட்டாள்தனம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

நாலாவது வாரம் ஒருநாள் சாயங்காலம். பையனுக்குக் கடைசி இரண்டு வாய் பாக்கி. சூரியன் மலையைத் தொட்டுவிட்டது. திரும்பினால், சின்னவள் கன்னம் உப்பி உட்கார்ந்திருக்கிறாள். எனக்குள் என்னவோ அறுந்தது. அவள் தாடையைப் பிடித்தேன், அழுத்தமாகவே பிடித்தேன். "முழுங்குடி! முழுங்கு! உன்னால முடியுதா முடியலையா, சொல்லுடி!"

அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். அப்புறம் ஒரே முழுங்கு. தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. வாயை ஆவென்று திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள். ஒரு பருக்கை இல்லை.

"அப்ப ஏண்டி வெச்சிகினு இருந்த?"

அவள் அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் காதருகே வந்தாள். "ரெண்டு பேரும் லேட்டுன்னா நீ தட்ட எடுக்கமாட்ட. அண்ணன துப்பச் சொல்லமாட்ட."

அந்தக் குழாயடி நடந்தபோது அவளுக்கு இரண்டு வயது. அவளுக்கு ஞாபகம் இருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் ஐப்பசி ஆரம்பத்தில் ஒருநாள் நான் அதை வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன், முதல் முறையாக. அவள் அப்போது அதே அறையில் கட்டிலுக்குக் கீழே பென்சில் தேடிக்கொண்டிருந்தாள்.

அந்த நிமிடம் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு வாய் முழுங்கிக் காட்டினால் போதுமா? முடியாததை மறைக்கத் தெரிந்த பிள்ளையாகவும் இருக்கலாமே என்று தோன்றியது. என் பயம் அவ்வளவு கெட்டுப்போயிருந்தது. அவள் தாடையில் என் விரல் பதிந்த இடம் சிவந்திருந்தது. அங்கே எண்ணெய் தடவிவிட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லம்மா, நான் பாஸ்தான?" என்றாள்.

ஆறாவது வாரம் முடிந்து நாலு நாள் கூடப் போய்விட்டது. அன்றைக்கு மணி நாலேகால் இருக்கும். பையனைப் பெல்ட் போட்ட நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்திருந்தேன். கிண்ணத்தை அவன் கண்ணுக்கு நேரே பிடித்தால்தான் அவனுக்குச் சோறு தெரியும். ஒரு வாய் கொடுத்திருந்தேன். போன் அடித்தது. இடது கையில் கிண்ணம், வலது கையெல்லாம் சோறு. சின்னவள் ஓடிப்போய் எடுத்துவந்து என் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா பேசினார்.

"ரிப்போர்ட் வந்துடுச்சும்மா. சின்னவளுக்கு இந்த நோய் இல்ல. உங்களை மாதிரியே கேரியர். அவ்வளவுதான். பயப்படாதீங்க."

என் காதில் அழுந்தியிருந்தது அவள் கைதான். எனக்கு ஓவென்று கத்த வேண்டும்போல் இருந்தது. எதிரே என் பையன், வாயில் சோற்றோடு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். என் உதடு கொஞ்சம் விரிந்தால் போதும், அவனுக்கும் சிரிப்பு வந்துவிடும். வந்தால் உடம்பு தளரும், சோறு உள்ளே போகும். நான் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டேன். "சரிங்க மேடம்" என்றேன், பால்காரரிடம் சொல்வதுபோல.

"யாரும்மா?" என்றாள் சின்னவள்.

"பேசாத. அண்ணன் வாயில சோறு இருக்குது."

அவளுக்கு ஏதோ புரிந்துவிட்டது. போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். நான் பையனின் தொண்டையைப் பார்த்தேன். அது அசையவில்லை. மெதுவாக மென்றான். நிறுத்தினான். மறுபடி மென்றான். மூன்று நிமிடம் இருக்கும், நாலும் இருக்கலாம். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல சேதி வந்ததில்லை, அவ்வளவு பயந்ததும் இல்லை. கடைசியில் தொண்டை ஏறி இறங்கியது.

"காட்டு" என்றேன். வாயைத் திறந்தான். காலி.

அப்புறம்தான் சிரித்தேன். சின்னவளைப் பார்த்து, "பாஸுடி, இனிமே பரீட்சையே கெடையாது" என்றேன். அவள் குதித்தாள். குதித்தபடியே, "மேல்மலையனூர், மேல்மலையனூர், ஏறு ஏறு ஏறு" என்று கண்டக்டர் மாதிரி கத்திக்கொண்டு கூடத்தைச் சுற்றி ஓடினாள். பையனும் சிரித்தான். சிரித்துச் சிரித்துத் தளர்ந்து, தலை முன்னால் தொங்கிவிட்டது. சோற்றுக் கையோடு அவன் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். இந்தத் தலை என் கையில் முன்னைவிடக் கனமாக இருப்பது தெரிந்தது. நான் அழுவது அவனுக்குத் தெரியவில்லை, அவனால் கண்ணை மேலே தூக்க முடியாதே.

கொஞ்ச நேரத்தில் கழுத்துக்குத் தெம்பு வந்து நிமிர்ந்தான். எதற்காக எல்லாரும் சிரித்தோம் என்று அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. இப்போதெல்லாம் ஒரு வார்த்தை சொல்லவே அவனுக்கு நேரமாகும். உதட்டைக் கூட்டிக் கூட்டி, "இன்… னா… ம்மா?" என்று கேட்டான்.

"ஒண்ணுமில்லடா கண்ணு" என்றேன். "வாயத் தெற."